பழைய டேப்பர் டூல்: வாங்கும் முன் அளந்து பார்!

மெக்கானிக்கல் படிக்கும் நம்மில் பல பேருக்கு ஒரு ஆசை உண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பழைய மில்லிங் மிஷின் ஒன்று. யாரிடமும் கைகட்டி நிற்காமல் சொந்தமாகத் தொழில் பார்க்கலாம்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது வெறும் பகல் கனவு அல்ல. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் எங்கே பார்த்தாலும் ரிக் வண்டி. பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி, ஜலகண்டாபுரம் என்று போனால் விசைத்தறிச் சத்தம் காதைப் பிளக்கும். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகள். நாமக்கல்லைச் சுற்றிக் கோழித்தீவன ஆலைகள். இவை அத்தனையிலும் ஷாஃப்ட் தேயும், கீவே பிய்யும், பல்சக்கரத்தில் பல் உடையும். தறி நின்றால் தறிக்காரருக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லாத பட்டறைக்கு வேலை தானாகவே வரும். லேத் மட்டும் வைத்திருப்பவர் ஷாஃப்டைக் கடைந்துவிட்டு, கீவே போட இன்னொரு பட்டறைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. மில்லிங் மிஷின் இருந்தால் இரண்டு வேலையும் ஒரே கூரைக்குள் முடியும்.

சரி, மிஷின் வாங்கியாச்சு என்றே வைத்துக்கொள்வோம். பழைய மிஷின் பெரும்பாலும் மொட்டையாகத்தான் வந்து இறங்கும். காலட் சக் இருக்காது, ஆர்பர் இருக்காது, டிராபார்கூட சில சமயம் இருக்காது. விற்றவர் அதையெல்லாம் தனியாக எடுத்து வேறு யாருக்கோ கொடுத்திருப்பார். ஸ்பிண்டில் வாயில் எதையும் மாட்ட முடியாத மில்லிங் மிஷின், ஷெட்டில் நிற்கும் ஒரு டன் இரும்பு. புதிதாக எல்லா டூலும் வாங்கினால் மிஷினுக்குக் கொடுத்த காசில் பாதி, சில சமயம் அதற்கு மேலும் ஆகிவிடும். அம்மாவின் நகையை அடகு வைத்து மிஷினை இறக்கிய வீட்டில் இந்த இரண்டாவது செலவுதான் கழுத்தை நெரிக்கும். எனவே மிஷினைப் பார்க்கப் போகும்போதே, அதன் வாய்க்கு எந்த டேப்பர், அந்த டேப்பரில் பழைய டூல் நம்ம பக்கம் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். மிஷினைப் பிடித்துப்போய் விலை பேசி முடித்தபின் டூல் தேடுவது தலைகீழ் வேலை.

ஒட்டிக்கொள்ளும் டேப்பரும் விட்டுவிடும் டேப்பரும்

டேப்பர் டர்னிங் கணக்கைத் தேர்வுக்காகப் போட்டிருக்கிறோம். ஆனால் எதற்கு இத்தனை வகை டேப்பர் என்று பாடத்தில் அதிகம் சொல்வதில்லை. ஆப்பை வைத்து யோசித்தால் எளிதில் புரியும். மெல்லிய ஆப்பை மரத்தில் அடித்தால் அது அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிடுங்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் அடிக்க வேண்டும். தடித்த ஆப்பை அடித்தால் கையை எடுத்ததும் பிதுங்கி வெளியே வரும். சரிவு, உராய்வைவிடக் குறைவாக இருந்தால் ஒட்டும். உராய்வுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் ஒட்டாது.

மோர்ஸ் டேப்பர் மெல்லிய ஆப்பு. அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் ட்விஸ்ட் டிரில்லோடு கொண்டுவந்தது. நீளத்தில் ஏறத்தாழ 20-க்கு 1 என்று விட்டம் குறையும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் 40-க்கு 1, அதாவது 0.025. எண்ணெய் பட்ட இரும்புக்கு உராய்வுக் கெழு 0.1 அளவில் என்று வைத்துக்கொண்டாலும், சரிவைவிட உராய்வு நான்கு மடங்கு. அதனால்தான் டிரில்லிங் மிஷினில் டிரில்லைக் கையால் குத்திச் செருகினாலே நின்றுவிடுகிறது. எடுக்க வேண்டுமானால் ட்ரிஃப்ட் போட்டுத் தட்ட வேண்டும். சேங்கின் முனையில் தட்டையாக இருக்கும் டாங் முக்கியமாக அந்தத் தட்டை வாங்கிக்கொள்ளத்தான். டிரில்லைச் சுற்றுவது டேப்பரின் பிடி. டாங் சுற்றும் நிலை வந்தால் அது முறுக்கிக்கொண்டு போய்விடும்.

மில்லிங் மிஷினுக்கென்றே அமெரிக்க மிஷின் கம்பெனிகள் 1920-களின் இறுதியில் ஒரு தடித்த ஆப்பைத் தேர்ந்தெடுத்தன. நீளம் 24-க்கு விட்டம் 7 குறையும். இதைத்தான் இன்று ஐ.எஸ்.ஓ. டேப்பர் என்கிறோம், 30, 40, 50 என்று எண் போடுவார்கள். ஒரு பக்கச் சரிவு 48-க்கு 7, அதாவது 0.146. உராய்வு ஏறத்தாழ இதே அளவில் அல்லது இதற்குக் கீழே நிற்பதால் இது ஒட்டாது. டிராபாரைத் தளர்த்திச் சும்மா ஒரு தட்டுத் தட்டினால் கையில் விழும். ஒட்டாத டேப்பர் எப்படிக் கட்டரைச் சுற்றும்? சுற்றுவதற்கு ஸ்பிண்டில் முகத்தில் இரண்டு கீ தனியாக இருக்கின்றன. டேப்பரின் வேலை டூலை மையத்தில் நிறுத்துவது மட்டும்.

மில்லிங்குக்கு மோர்ஸ் போட்ட மிஷின்களும் உண்டு, முக்கியமாகச் சின்ன மில்-டிரில் மிஷின்கள். அவற்றில் கட்டாயம் டிராபார் வேண்டும். டிரில்லிங்கில் அழுத்தம் எப்போதும் மேல்நோக்கி டேப்பருக்குள்ளேயே தள்ளுகிறது. மில்லிங்கில் அடி பக்கவாட்டில் வருகிறது. அதுவும் பல்லுக்குப் பல் விட்டு விட்டு வருகிறது. எண்ட் மில்லின் ஹெலிக்ஸ் வேறு டூலைக் கீழே இழுக்கும். டிராபார் இல்லாத மோர்ஸ் சேங்க் ஆடி ஆடிக் கழன்று, சுழன்றுகொண்டே கீழே விழும். இதே காரணத்தால்தான் டிரில் சக்கில் எண்ட் மில்லைப் பிடிக்கவே கூடாது. சக்குக்கும் அதன் ஆர்பருக்கும் நடுவில் இருப்பது சின்னதாக ஒரு ஒட்டு டேப்பர் மட்டும். அதை இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது.

வாய் அளவு ஏமாற்றும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய இரும்புக் கடையில் டூல் மேல் எழுதியிருப்பது பாதி அழிந்திருக்கும். வெர்னியரை எடுத்துப் பெரிய முனையை மட்டும் அளந்து முடிவு செய்கிறவன் மாட்டிக்கொள்வான். ஏன் என்று எண்களே சொல்லும்.

எம்.டி.4-ன் பெரிய முனை 31.267 மி.மீ. ஐ.எஸ்.ஓ. 30-ன் பெரிய முனை 31.75. ஆர்8 என்று ஒரு டேப்பர் இருக்கிறது, அதுவும் 31.75 தான். அதேபோல எம்.டி.5 என்றால் 44.399, ஐ.எஸ்.ஓ. 40 என்றால் 44.45. வித்தியாசம் 0.05 மி.மீ. மட்டுமே! தேய்ந்துபோன கடைக்கார வெர்னியரில் இரண்டும் ஒன்றுதான். எம்.டி.2 (17.780) க்கும் எம்.டி.3 (23.825) க்கும் மட்டும் இந்தக் குழப்பம் வராது.

ஆகவே வாயை மட்டும் பார்க்காமல் சரிவையும் பார்க்க வேண்டும். சேங்க் மேல் 40 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு இரண்டு இடத்திலும் விட்டம் பார். மோர்ஸ் என்றால் வித்தியாசம் 2 மி.மீ. பழைய அமெரிக்க மிஷின்களில் வரும் பிரௌன் அண்ட் ஷார்ப் என்றால் 24-க்கு 1 என்பதால் 1.67 மி.மீ. தான் வரும். ஐ.எஸ்.ஓ. என்றால் அளக்கவே வேண்டாம். கண்ணுக்கே தெரியும் குண்டுச் சரிவு.

கோடு போட்டு அளப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. டேப்பர் மேல் வெர்னியர் வழுக்கும். கோட்டிலிருந்து ஒரு மி.மீ. தள்ளிப் பிடித்தால் கணக்குக் கெட்டுவிடும். அதற்கு நம்ம காலேஜ் ஒர்க்ஷாப்பிலேயே ஒரு மணி நேரத்தில் ஒரு கேஜ் செய்துகொள்ளலாம். 3 மி.மீ. தகட்டில் இரண்டு வளையம் கடைந்துகொள். ஒன்றின் துளை 23.00, மற்றதின் துளை 21.00. துளை ஓரத்தில் சாம்ஃபர் கொடுக்காதே, பிசிர் மட்டும் எடு. சந்தேகப்படும் சேங்க் மேல் முதலில் 23-ஐயும் அடுத்து 21-ஐயும் நழுவவிட்டால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் நிற்கும். பெரிய முனைப் பக்கத்து முகத்திலிருந்து முகத்துக்கு இடைவெளியை அளந்தால், எம்.டி.3 என்றால் ஏறத்தாழ 39.8 மி.மீ. இருக்கும். 48 என்றால் பிரௌன் அண்ட் ஷார்ப் வகை. ஐ.எஸ்.ஓ. 30 என்றால் வெறும் 6.9 தான். இடையில் எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்! இதே மாதிரி 29, 27 என்று இன்னொரு ஜோடி வைத்துக்கொண்டால் எம்.டி.4-க்கும் ஐ.எஸ்.ஓ. 40-க்கும் ஆகும். நான்கு வளையத்தையும் ஒரு கம்பியில் கோத்துப் பையில் போட்டுக்கொண்டால் போதும். கடைக்காரர் "என்ன தம்பி, வளையல் வியாபாரமா?" என்று கேட்பார். கேட்கட்டும்.

இந்த வளையம் ஆர்8-ஐ மட்டும் பிரித்துக் காட்டாது. அதன் சரிவு ஐ.எஸ்.ஓ.வுக்கு மிக நெருக்கம். 29-க்கும் 27-க்கும் நடுவில் 6.75 வரும். ஆனால் ஆர்8-ஐ உருவத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். குட்டையான டேப்பருக்குப் பின்னால் 24 மி.மீ. சொச்சத்தில் நீளமாக ஒரு நேர் உருளை இருக்கும். அதில் நெடுக்கே ஒரு காடி இருக்கும்.

எந்த டேப்பர் நமக்கு லாபம்?

ஆர்8, அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் கம்பெனியின் சொத்து. 1938-ல் அவர்கள் கொண்டுவந்த டர்ரட் மில்லிங் மிஷின் உலகம் முழுக்கப் பரவி, பிற்பாடு அதன் தலையில் வந்த ஆர்8-ம் பரவியது. நல்ல டேப்பர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம்ம பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அதன் டூல் அபூர்வம். காலட் செட் சேர்த்துக் கொடுத்தால் மட்டும் ஆர்8 மிஷின் வாங்கலாம்.

எம்.டி.3 சின்ன மிஷினுக்குப் பரவாயில்லை. மோர்ஸ் சேங்க் இல்லாத ஊர் இல்லை. சென்னை அடிசன் போன்ற கம்பெனிகளின் டேப்பர் சேங்க் டிரில், ரீமர், ஸ்லீவ் எல்லாம் பழைய மார்க்கெட்டில் எங்கேயும் கிடைக்கும். ஆனால் அவை அனைத்தும் டாங் உள்ளவை. டிராபார் கடிக்க மரை இருக்காது. டாங்கை அறுத்துவிட்டு மரை போட முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். சேங்கின் முனை மெத்தென்று இருந்தால் முடியும்: எம்.டி.2-க்கு எம்10, எம்.டி.3-க்கு எம்12. பைலை வைத்து ஒரு இழு இழுத்துப் பார்; கடித்தால் மெது, வழுக்கினால் கடினம். கடினமாக இருந்தால் டேப்பை உடைத்துக்கொள்ளாமல் விட்டுவிடு. லேத்தில் மையம் பார்த்துத் துளைக்க வேண்டும். கை டிரில்லில் போட்ட துளை கோணலாகப் போய் டிராபார் சேங்கை ஒரு பக்கமாக இழுக்கும்.

என் கட்சி ஐ.எஸ்.ஓ. 40. காரணம், நம்ம ஊரைச் சுற்றியுள்ள பூகோளம்! 1953-ல் தொடங்கிய ஹெச்.எம்.டி.யும் 1961-ல் தொடங்கிய பாரத் ஃபிரிட்ஸ் வெர்னரும் பெங்களூரில். மேற்கே கோவை முழுக்கப் பம்பு, மோட்டார், மிஷின் பட்டறைகள். வடக்கே ஓசூர். இந்த மூன்று ஊருக்கும் நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அங்கே பழைய மில்லிங் மிஷினை ஒதுக்கிவிட்டு சி.என்.சி.க்கு மாறும் ஒவ்வொரு பட்டறையும் ஐ.எஸ்.ஓ. டூலைக் கழிக்கிறது. பட்டறைகளில் 'எம்1டிஆர்' என்று சொல்லும் டர்ரட் மில்லிங்கிலும் இந்த டேப்பரைப் பரவலாகப் பார்க்கலாம். ஆனால் பெயரை நம்பி வாங்காமல் வாயை அளந்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 50 வேண்டாம். அதன் ஹோல்டர் ஒவ்வொன்றும் தூக்கினால் கை வலிக்கும் கனம். அது பெரிய ஆலை மிஷினுக்கு உரியது.

ஒரே டேப்பர், பல சட்டை

பலருக்கும் தெரியாத ஒரு வாசல் இது. சி.என்.சி. மிஷினில் போடும் பி.டி.40 ஹோல்டரும் நம்ம கையால் ஓட்டும் ஐ.எஸ்.ஓ. 40 ஹோல்டரும் டேப்பரில் ஒன்றேதான். அதே 7-க்கு 24, அதே 44.45. சட்டை மட்டும் வேறு. பி.டி.யின் கழுத்து தடியாக இருக்கும், நடுவில் ஒரு 'வி' காடி ஓடும்; டூலை மாற்றும் கை அதைப் பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் காடி. பின்முனையில் டிராபாருக்குப் பதில் புல் ஸ்டட் என்ற குமிழ் திருகியிருக்கும். அந்தக் குமிழைக் கழற்றினால் உள்ளே எம்16 மரை. ஐ.எஸ்.ஓ. 40 டிராபாரும் எம்16! பி.டி.30, ஐ.எஸ்.ஓ. 30 இரண்டிலும் எம்12. ஸ்பிண்டில் கீ நுழையும் காடியின் அகலமும் ஒத்துப்போகும்.

வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. கையால் ஓட்டும் மிஷினின் ஹோல்டருக்கு டேப்பர் முடிந்தபின் ஒரு வால் உண்டு, பி.டி.க்கு அந்த வால் கிடையாது. வாலோடு சேர்ந்த நீளம் 93.4 மி.மீ.; பி.டி.40-க்கு 65.4 தான். ஆகவே பழைய டிராபார் எட்டாது. நீளமான டிராபார் ஒன்று கடைந்துகொள்ள வேண்டும். ஈ.என்.8 கம்பியில் ஒரு மதிய வேலை. மரை குறைந்தது விட்டத்தின் அளவாவது, அதாவது 16 மி.மீ., உள்ளே ஏற வேண்டும். அதற்கு மேல் ஏறினால் இன்னும் நல்லது.

இந்த வாசல் ஏன் முக்கியம் என்றால், சி.என்.சி. ஓட்டுகிற பட்டறைக்காரர் ஹோல்டரின் ரன்-அவுட் மி.மீ.யில் நூறில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே கழித்துவிடுகிறார். அவருடைய கார்பைடு கட்டர் உடையும், பீஸ் ரிஜெக்ட் ஆகும். நமக்கோ தறி ஷாஃப்டில் கீவே போட வேண்டும், அவ்வளவுதான். 0.03 வரை ஆடினாலும் ஹெச்.எஸ்.எஸ். எண்ட் மில் குறை சொல்லாது. காடி ஒரு நூல் அகலமாக வரும் என்று தெரிந்துகொண்டு கட்டரை ஒரு அளவு சின்னதாக எடுத்தால் சரியாகிவிடும். அவர் கழித்தது நமக்குச் செல்வம்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் சட்டை போட்ட ஹோல்டர்களில் மரை எம்16 அல்ல, 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 மரை. 5/8 என்றால் 15.875 மி.மீ.; எம்16-க்குப் பக்கத்துவீடு. எம்16 டிராபார் அதில் இரண்டு சுற்று ஏறும், பிறகு நிற்கும். அங்கே ஸ்பானரைப் போட்டு வேகமாக இறுக்கினால் இரண்டும் போச்சு. ஒரு எம்16 போல்ட்டைப் பையில் வைத்திருந்து, கையாலேயே அடிவரை ஏறுகிறதா என்று பார். அதேபோல டேப்பர் குட்டையாக, உள்ளே குழலாக இருந்தால் அது ஹெச்.எஸ்.கே.; எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நம்ம மிஷினுக்கு ஆகாது.

கடைக்குப் போவோம்

பெரிய நிறுவனங்கள் கழிக்கும் டூல் நேராக நம் கைக்கு வராது. அரசு, பொதுத்துறை நிறுவனங்களின் கழிவு பலவும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின் ஏலத்தில் டன் கணக்கில் போகிறது. தனியார் ஆலை மூடினால் மொத்தமாக ஒரு வியாபாரி எடுப்பார். அங்கிருந்து பிரிந்து பிரிந்து பழைய இரும்புக் கடைக்கு வரும். எனவே நாம் பழக வேண்டியது அந்தக் கடைசிக் கடைக்காரரிடம். கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகள் ஒரு நாளாவது சுற்றிப் பார்க்க வேண்டிய இடம். சேலம், நாமக்கல், ஈரோட்டிலும் புறவழிச்சாலை ஓரக் கடைகளை விடாதீர்கள். மூடிய மில்லின் மெயின்டனன்ஸ் அறைச் சாமான் அங்கேதான் ஒதுங்கும்.

அங்கே இரண்டு விலை உண்டு: கிலோ விலை, பீஸ் விலை. இன்னதென்று தெரியாத வரை கிலோ. தெரிந்துவிட்டால் பீஸ்.

"அண்ணா, இந்தக் கூடையில இருக்கறதெல்லாம் எடைக்குத்தானுங்களா?"

"எடைக்குத்தான் தம்பி. எதுக்கு, என்ன பண்ணப் போற?"

"பட்டறைக்குங்கண்ணா. சேங்க் மட்டும் வேணும்."

"அப்பிடீன்னா அது மிஷின் சாமானு. பீஸ் கணக்கு."

பேச்சு இப்படித்தான் போகும். பொய் சொல்ல வேண்டியதில்லை. அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், நான்கைந்தைச் சேர்த்து எடைத்தட்டில் வைத்துப் பேசினால் நியாயமான விலைக்கு வரும். மாதம் ஒரு முறை போய்ப் பழகியவனுக்கு, "உனக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்று அவரே போன் செய்வார். தூரத்திலிருந்து போட்டோ அனுப்பி விற்கிறவர்களிடம், சேங்க் மேல் வெர்னியர் வைத்து, எண் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

பில் இல்லாத பளபளப்பான புது டூலைப் பாதி விலைக்கு ஒருவர் பையிலிருந்து எடுத்துக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம். நம்ம காலேஜ் டூல் க்ரிப் நம்பர் குத்திய ரீமர் வெளியே கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை! இன்னொன்று: மூடி வைத்த கனமான ஈயப் பெட்டி, கதிர்வீச்சுக் குறி போட்ட உருளை இவற்றைக் கிளறாதீர்கள். 2010-ல் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 இருந்த ஒரு கருவியைப் பிரித்ததில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

முதலில் துணியால் துடை. மேலோட்டமான துரு பயமில்லை, குழி விழுந்த துருதான் கெடுதல். சேங்கைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல் இருந்தால், அது ஸ்பிண்டிலுக்குள் சுழன்று அறைபட்டிருக்கிறது. அந்தக் கீறலின் மேடு நம்ம ஸ்பிண்டிலையும் கிழிக்கும். டாங் முறுக்கியிருந்தாலும் அதே கதை. பெரிய முனை ஓரத்தில் சுத்தி அடித்த குழி இருந்தால், குழியைப் பற்றிக் கவலை இல்லை. குழியைச் சுற்றி எழும்பிய மேடுதான் டேப்பரை உட்கார விடாது. மேட்டை மட்டும் எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுக்கலாம். லேத்தில் பிடித்து எமரித்தாளால் பளபளப்பாக்குகிற வேலை மட்டும் வேண்டாம். எமரி எல்லா இடத்திலும் ஒரே அளவு தின்னாது. டேப்பர் பீப்பாய் மாதிரி ஆகிவிடும்.

ஆர்பரை எடுத்தால் சமதளத்தில் உருட்டிப் பார். வளைந்தது துள்ளும். விட்டத்தையும் கவனி: 22, 27, 32 என்பவை மெட்ரிக், பழைய பிரிட்டிஷ் மிஷினில் வந்தது 1 அங்குலம், 1¼ அங்குலம். 27 துளைக் கட்டர் 1 அங்குல ஆர்பரில் தளதளவென்று ஆடும். கட்டர் பேச்சு வந்ததால் ஒரு துணுக்கு. பல்சக்கரம் வெட்டும் இன்வல்யூட் கட்டர் 8 எண்களில் வரும். டி.பி. வகையில் 1-ம் எண் 135 பல்லுக்கு மேல், 8-ம் எண் 12, 13 பல்லுக்கு. ஜெர்மன் முறை மாட்யூல் கட்டரில் இது அப்படியே தலைகீழ். எண்ணை நம்பாமல், பக்கத்தில் குத்தியிருக்கும் பல் எண்ணிக்கையைப் படித்து வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நீலச் சோதனை. சேங்கில் நெடுக்காக மூன்று கோடு பிரஷ்யன் ப்ளூ மெல்லிசாகப் பூசி, ஸ்பிண்டிலில் செருகிக் கால் சுற்றுச் சுற்றி எடு. பெரிய முனையிலிருந்து பெரும்பகுதி சீராக அழிந்திருந்தால் நல்ல டூல். பெரிய முனையில் மட்டுமோ சிறிய முனையில் மட்டுமோ அழிந்தால் டேப்பர் ஒத்துவரவில்லை. சிறிய முனையில் மட்டும் பிடிப்பது மோசம். கட்டர் பக்கம் தொங்கிக்கொண்டு ஆடும். இரண்டு மூன்று டூலில் ஒரே மாதிரி தவறு வந்தால் டூலைத் திட்டாதே, ஸ்பிண்டில் வாயைப் பார். பிறகு ஒரு நேரான எண்ட் மில் சேங்கைப் பிடித்து டயல் வைத்துப் பார்த்துவிடலாம்.

எல்லாவற்றையும் பழையதாக வாங்குவதும் சிக்கனம் ஆகாது. காலட்டைப் புதிதாக வாங்குங்கள். சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் 1970-களில் கொண்டுவந்த இ.ஆர். காலட் இன்று எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இ.ஆர்.32 ஒரு ஹோல்டர் இருந்தால் 2 முதல் 20 மி.மீ. வரை பிடிக்கலாம். பழைய காலட்டின் வாய் மணி மாதிரி விரிந்திருக்கும். எட்டு மாதம் யாரோ அளவு தப்பி இறுக்கிய பாவம் நம்ம கட்டரில் வந்து விடியும். ஹோல்டர், ஆர்பர், ஷெல் மில் ஆர்பர், விடியா டிப் போடும் ஃபேஸ் மில் உடல் இவற்றைப் பழையதாக வாங்கலாம். ஃபேஸ் மில் உடலில் டிப் உட்காரும் இருக்கை நசுங்காமலும் ஸ்க்ரூ மரை பிய்யாமலும் இருக்க வேண்டும். அந்த டிப் இன்னும் கடையில் விற்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கினால், வெறும் பேப்பர் வெயிட் வாங்காமல் தப்பிக்கலாம்.

ஆரம்பத்துக்கு நான் சிபாரிசு செய்யும் செட் சின்னது. இ.ஆர்.32 ஹோல்டர் ஒன்று, 6, 8, 10, 12, 16 மி.மீ. காலட் ஐந்து, டிரில் சக்குக்கு ஒரு ஆர்பர், சொந்தமாகக் கடைந்த டிராபார் ஒன்று. தறி, பம்பு, சேகோ மில் இவற்றின் ஷாஃப்ட் கீவே வேலையில் பெரும்பகுதி இதிலேயே ஓடிவிடும். ஃபேஸ் மில்லும் கியர் கட்டரும் அந்த வேலை வந்து, அட்வான்ஸ் கையில் விழுந்தபின் தேடிக்கொள்ளலாம். வாங்கியதை மரப்பலகையில் டேப்பர் அளவுக்குத் துளை போட்டு நிறுத்தி, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். டிராயரில் ஒன்றோடொன்று உருளவிட்டால் கடையில் தேடித் தவிர்த்த அதே மேடுகள் நம்ம வீட்டிலேயே முளைக்கும். செருகும் முன் மட்டும் அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.